சாயம் தானாக அடுக்கிக்கொண்டால் மின்சாரம் ஓடிவிடுமா?

கேள்வியை என் வார்த்தையில் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா என்று தெரிவதற்காக. நீங்கள் எம்.எஸ்சி. வேதியியல் கடைசி ஆண்டு. இலையில் குளோரோபில் தானாகவே வரிசையாக அடுக்கிக்கொண்டு வெளிச்சத்தைக் கடத்துகிறது, அதே மாதிரி சாய மூலக்கூறுகளைத் தானாக அடுக்கவிட்டால் சிலிக்கான் இல்லாமலே டிரான்சிஸ்டர் செய்யலாம் என்று படித்திருக்கிறீர்கள். ஆனால் ஒரே குடும்பத்துச் சாயத்துக்கு ஒரு கட்டுரையில் மொபிலிட்டி (மின்னூட்டம் எவ்வளவு எளிதாக நகர்கிறது என்று காட்டும் எண்) 0.1 என்றும் இன்னொன்றில் 0.0001 என்றும் போட்டிருக்கிறது. யாரை நம்புவது, இதைப் புராஜெக்டாக எடுக்கலாமா என்கிறீர்கள். எண்களைப் பற்றிய கேள்வி போலத் தெரிந்தாலும் அடியில் இருப்பது வேறு கேள்வி: மூலக்கூறுகள் ஒழுங்காக அடுக்கியிருப்பதும் அவற்றின் வழியே மின்னூட்டம் ஓடுவதும் ஒன்றுதானா? ஒன்றில்லை. ஏன் இல்லை என்பதைச் சொல்லிவிட்டால் அந்த ஆயிரம் மடங்கு வித்தியாசமும் கூடவே விளங்கிவிடும். நான் பெரிலீன் சாயங்களை வைத்து டிரான்சிஸ்டர் செய்து அளந்து எட்டு வருடம் கழித்தவன், இப்போது கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். செய்து பார்த்ததையும் படித்ததையும் கலக்காமல் சொல்ல முயல்கிறேன்.

முதலில் இலையைப் பற்றி ஒரு திருத்தம். இலையில் குளோரோபில் தானாக அடுக்கிக்கொள்வதில்லை. ஒவ்வொன்றையும் ஒரு புரதம் பிடித்து, இந்த இடம், இந்தக் கோணம் என்று உட்காரவைத்திருக்கிறது. புரதத்தின் தயவில்லாமல் தாங்களாகவே கூடிக்கொள்ளும் நிறமிகளைப் பார்க்க வேண்டுமென்றால் பச்சைக் கந்தக பாக்டீரியாவிடம் போக வேண்டும். கருங்கடலில் எண்பது, நூறு மீட்டர் ஆழத்தில், வெளிச்சம் என்று சொல்லவே கூச்சமாக இருக்கும் அளவு வெளிச்சத்தில் பிழைக்கிற ஜீவன்கள் இந்த வகையில் உண்டு. அதற்குள் குளோரோசோம் என்று ஒரு பை. ஒரு பைக்குள் லட்சம், இரண்டு லட்சம் என்ற கணக்கில் பாக்டீரியோகுளோரோபில். ஒரு மூலக்கூறின் ஹைட்ராக்ஸில் பக்கத்து மூலக்கூறின் மக்னீசியத்தைப் பிடிக்கிறது. அதே ஹைட்ராக்ஸிலின் ஹைட்ரஜன் மூன்றாவது மூலக்கூறின் கார்போனைலோடு பிணைப்பு போடுகிறது. தட்டையான வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்று கொஞ்சம் சரிந்து படுக்கின்றன. இந்த மூன்று பிடிப்பில் முழுக் கட்டடமும் நிற்கிறது. உயிரியலிலிருந்து பாடம் கற்ற சாயப் பொருள் என்று நீங்கள் படித்தவற்றில் ஒரு பெரிய பகுதி இந்த ஏற்பாட்டைப் பார்த்துச் செய்ததுதான். ஜெர்மனியின் வூர்ட்ஸ்புர்க் பல்கலைக்கழகத்தில் ஃபிராங்க் வூர்த்னரின் குழு, குளோரோபில்லில் மக்னீசியத்தை எடுத்துவிட்டு துத்தநாகத்தை வைத்து, பாதி இயற்கை பாதி செயற்கையான சிங்க் குளோரின் என்ற சாயங்களைச் செய்து, அவை கம்பிபோலவும் குழல்போலவும் அடுக்கிக்கொள்வதைக் காட்டியது.

இங்கேதான் பலருக்கும் வழி தப்புகிறது. குளோரோசோமுக்குள் கைமாறுவது மின்னூட்டம் இல்லை, ஆற்றல். வெளிச்சம் பட்டு ஒரு மூலக்கூறு கிளர்ச்சி நிலைக்குப் போகிறது, அந்தக் கிளர்ச்சி மட்டும் பக்கத்து மூலக்கூறுக்குத் தாவுகிறது. எலக்ட்ரான் வீட்டை விட்டு வெளியே வருவதில்லை. தெருவுக்கு எதிர்ப்பக்கம் நிற்பவரிடம் சேதியைக் கத்திச் சொல்லிவிடலாம். சாப்பாட்டுத் தூக்கைக் கத்திக் கொடுக்க முடியாது, கைக்குக் கைதான் கொடுக்க வேண்டும். ஆற்றல் சேதி மாதிரி. சில நானோமீட்டர் தள்ளியிருந்தாலும் போய்ச் சேரும். மின்னூட்டம் தூக்கு மாதிரி. ஒரு மூலக்கூறின் ஆர்பிட்டால், அதாவது எலக்ட்ரான் உலவும் பகுதி, அடுத்ததின் ஆர்பிட்டாலோடு உரச வேண்டும், அதற்கு இடைவெளி சுமார் 3.4 ஆங்ஸ்ட்ராம் (ஒரு நானோமீட்டரில் பத்து ஆங்ஸ்ட்ராம்) அளவில் இருக்க வேண்டும், ஒரு ஆங்ஸ்ட்ராம் கூடினாலே கைமாறும் வேகம் பல மடங்கு விழுந்துவிடும். ஆக, பாக்டீரியா இந்த அடுக்கை வளர்த்தெடுத்தது சேதி அனுப்ப. அதே அடுக்கில் தூக்கும் நன்றாகக் கைமாறினால் அது நமக்குக் கிடைத்த உபரி லாபம். கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். (இந்த பாக்டீரியாவின் புரதம் ஒன்றில் குவாண்டம் ஒத்திசைவு வெகுநேரம் நீடிக்கிறது என்று 2007-ல் ஒரு பெரிய பரபரப்பு வந்தது. அந்த நீண்ட அலைவுகள் பெரும்பாலும் மூலக்கூறின் அதிர்வு சார்ந்தவை என்றுதான் பின்னால் வந்த அளவீடுகள் காட்டின. உங்கள் முன்னுரையில் அதைச் சேர்க்காதீர்கள், வைவாவில் மாட்டிக்கொள்வீர்கள்.)

சரி, மின்னூட்டம் கைமாறுவதை ஒருமுறை கணக்குப் போட்டே பார்ப்போம். மொபிலிட்டி, பள்ளிப் புத்தகத்தில் இயக்க எண் என்று படித்திருப்பீர்கள், ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு வோல்ட் என்று புலம் கொடுத்தால் மின்னூட்டம் நொடிக்கு எத்தனை சென்டிமீட்டர் நகர்கிறது என்பதுதான். சிலிக்கான் படிகத்தில் எலக்ட்ரானுக்கு அது சுமார் 1400. எல்.சி.டி. திரைகளில் பயன்படும் ஒழுங்கற்ற சிலிக்கானில் 1-ஐ ஒட்டி. கரிமப் பொருள்களில் ரூப்ரீனின் ஒற்றைப் படிகம் 20-ஐத் தொடும், பென்டசீன் படலம் 1-ஐ ஒட்டி இருக்கும்.

இப்போது ஒரு சாய அடுக்கை எடுத்துக்கொள்ளுங்கள். மின்னூட்டம் ஒரு மூலக்கூறிலிருந்து அடுத்ததற்குத் தாவும் வேகத்தை இரண்டு ஆற்றல்கள் தீர்மானிக்கின்றன. ஒன்று, இரு மூலக்கூறுகளின் ஆர்பிட்டால்கள் எவ்வளவு உரசுகின்றன என்ற இணைப்பு ஆற்றல். இன்னொன்று, மின்னூட்டம் வந்து உட்கார்ந்ததும் மூலக்கூறு தன் பிணைப்பு நீளங்களைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ள ஆகும் செலவு. இதை மறுசீரமைப்பு ஆற்றல் என்பார்கள். ருடால்ஃப் மார்கஸ் 1992-ல் நோபல் வாங்கியது இந்தக் கணக்குக்குத்தான். இணைப்பு 0.05 எலக்ட்ரான் வோல்ட், மறுசீரமைப்பு 0.2, அறை வெப்பம் 0.026 என்று அவர் சமன்பாட்டில் போட்டால் நொடிக்குச் சுமார் 13 லட்சம் கோடி தாவல் வருகிறது. ஒரு தாவலுக்கு 3.5 ஆங்ஸ்ட்ராம். அதை விரவல் கெழுவாக்கி, ஐன்ஸ்டைன் தொடர்பு வழியாக மொபிலிட்டியாக்கினால் 0.6-ஐ ஒட்டி நிற்கிறது. இணைப்பு ஆற்றலைப் பாதியாக்கிப் பாருங்கள். அது இருபடியில் வருவதால் மொபிலிட்டி கால்வாசியாகி 0.16 ஆகிவிடும். காகிதத்தில் நீங்களே ஒருமுறை போட்டுப் பாருங்கள், பத்து நிமிட வேலை. நீங்கள் பார்த்த 0.1 என்பது அதிசயமும் இல்லை, பொய்யும் இல்லை, நன்றாக அடுக்கிய சாயத்துக்கு இயற்பியல் அனுமதிக்கும் எண்தான் என்பது அப்போது தெரியும்.

இந்தக் கணக்கு எங்கே செல்லும், எங்கே செல்லாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மின்னூட்டம் ஒரு மூலக்கூறில் கொஞ்ச நேரமாவது உட்கார்ந்து எழுந்தால்தான் தாவல் என்ற பேச்சுக்கே பொருள். இணைப்பு ஆற்றல் மறுசீரமைப்பில் பாதியை நெருங்கிவிட்டால் தடையே மறைந்துவிடும், மின்னூட்டம் பல மூலக்கூறுகளில் பரவிக்கிடக்கும். ரூப்ரீன் படிகத்தில் சூடு ஏறும்போது மொபிலிட்டி குறைவதை அளந்தே காட்டியிருக்கிறார்கள். தாவல் கணக்குப்படி அது கூட வேண்டும். அறை வெப்பத்தில் மூலக்கூறுகள் ஆடிக்கொண்டே இருப்பதால் மின்னூட்டம் சில மூலக்கூறுகளில் பரவும், ஆட்டத்தில் மாட்டிக் கொஞ்ச நேரம் சுருங்கும், மறுபடி பரவும் என்ற சித்திரம்தான் இன்று பலரும் ஏற்பது. நல்ல படிகங்களுக்கு இது பொருந்துகிறது. ஜெல்லிலிருந்து உலர்த்திய சாய நார்களுக்கு இதே சித்திரம் எந்த அளவு பொருந்தும் என்பதில் ஆய்வாளர்களுக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை. அங்கே குறைபாடுகளின் ஆட்சி அதிகம், பழைய தாவல் கணக்கே பெரும்பாலும் போதும் என்பது என் கட்சி.

அடுக்கு என்று சொன்னதும் நாணயங்களை நேராக அடுக்கியது போல நினைக்கிறோம். சாய மூலக்கூறுகள் அப்படி நேர்க்குத்தாக உட்காருவது அபூர்வம், சரிந்துதான் உட்காரும். அந்தச் சரிவு ஒன்றரை ஆங்ஸ்ட்ராமா இரண்டரையா என்பதில் உயிர் இருக்கிறது. ஆர்பிட்டாலுக்குக் கூட்டல் பக்கம், கழித்தல் பக்கம் என்று மாறிமாறி மடல்கள் உண்டு. ஒரு சரிவில் கூட்டலும் கூட்டலும் நேருக்கு நேர் வந்து இணைப்பு பலமாக இருக்கும். இன்னும் கொஞ்சம் நகர்த்தினால் கூட்டலும் கழித்தலும் சந்தித்து ஒன்றையொன்று அழித்து இணைப்பு பூஜ்யத்தை ஒட்டிப் போய்விடும். மேலும் நகர்த்தினால் மறுபடி எழும். பெரிலீன் பிஸ்இமைடுக்கு வால் போல ஒட்டும் ஆல்கைல் சங்கிலியைக் கிளைவிட்டதாக மாற்றினேன், நேரானதாக மாற்றினேன், கடத்தல் நூறு மடங்கு மாறியது என்று கட்டுரைகளில் வருவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். வால் எதையும் கடத்துவதில்லை. அது மூலக்கூறை எவ்வளவு சரிய வைக்கிறது என்பதில்தான் விஷயம்.

இன்னொரு பொறி, நிறம். 1936-ல் எட்வின் ஜெல்லியும் குன்டர் ஷைபேயும் தனித்தனியாக ஒன்றைக் கவனித்தார்கள். ஒரு சயனின் சாயத்தின் கரைசலைச் செறிவாக்கினால் சிவப்புப் பக்கம் நகர்ந்த, ஊசி போலக் கூர்மையான ஓர் உறிஞ்சல் பட்டை எழுகிறது. சரிந்து அடுக்கிய மூலக்கூறுகள் சேர்ந்து பாடுவதன் அடையாளம் அது. இன்று அதை ஜே அக்ரிகேட் என்கிறோம், ஜே என்பது ஜெல்லியின் முதலெழுத்து. மாணவர்கள் யு.வி. கருவியில் இந்த ஊசியைப் பார்த்ததும் அடுக்கு பிரமாதம், இனி மின்சாரமும் ஓடும் என்று எழுதிவிடுகிறார்கள். ஊசி காட்டுவது ஆற்றல் கைமாறும் பலத்தை. அது தூரத்திலிருந்தே வேலை செய்கிற மின்புல உறவு. மின்னூட்டத்துக்கு வேண்டிய ஆர்பிட்டால் உரசலைப் பற்றி அது நேரடியாக எதுவும் சொல்லாது. ஊசி அழகாக இருந்து இணைப்பு பூஜ்யத்தில் கிடக்கும் அடுக்குகளும் உண்டு.

இப்போது உங்கள் 0.1-க்கும் 0.0001-க்கும் வருவோம். நீங்கள் குறிப்பிட்ட முதல் வகைக் கட்டுரைகளில் பெரும்பாலும் மைக்ரோவேவ் முறையில் அளந்திருப்பார்கள். சிங்க் குளோரின்களை நெதர்லாந்தின் டெல்ஃப்டில் லாரன்ஸ் சீபலஸ், ஃபெர்டினான்ட் குரோசெமா குழு இப்படித்தான் அளந்து, மின்னூட்டம் நன்றாகவே நகர்கிறது என்று 2012-ல் வூர்த்னருடன் சேர்ந்து வெளியிட்டது. முறை இது: தூள் மாதிரியின் மேல் ஒரு எலக்ட்ரான் துடிப்பை அடித்து உள்ளே மின்னூட்டங்களைக் கிளப்பிவிடுகிறார்கள், உடனே மைக்ரோவேவை அனுப்பி அது எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று பார்க்கிறார்கள். மின்முனையே கிடையாது. மைக்ரோவேவ் நொடிக்குச் சுமார் 3,000 கோடி தடவை முன்னும் பின்னுமாக ஆடுகிறது. ஒரு திசையில் மின்னூட்டத்துக்குக் கிடைப்பது 17 பிக்கோ நொடி (ஒரு நொடியில் லட்சம் கோடி பிக்கோ நொடி). மொபிலிட்டி 0.1 என்றால் அந்த நேரத்தில் அது அலைந்து தொடும் தூரம் சுமார் 3 நானோமீட்டர். எட்டு ஒன்பது மூலக்கூறு.

இரண்டாவது வகைக் கட்டுரைகள் அளக்கும் டிரான்சிஸ்டரை எடுங்கள். சாதாரண ஆய்வகத்தில் மின்முனைகளுக்கு நடுவே 10 மைக்ரோமீட்டர் இடைவெளி வைப்போம். அதற்குள் வரிசையாக ஏறக்குறைய 28,000 மூலக்கூறு. ஆயிரத்தில் ஒரு இடத்தில் அடுக்கு பிசகினால் போதும், வழியில் 28 அடைப்பு. ஒற்றை வரிசையில் நின்று செங்கல் கைமாற்றும்போது நடுவில் ஒருவர் டீ குடிக்கப் போனால் என்ன ஆகும்? வேலை நின்றுவிடும். ஒற்றை நார் அடுக்கின் கதியும் அதுதான், சுற்றிப்போக வழி கிடையாது. இதோடு நார் முடிந்து அடுத்த நார் தொடங்கும் சந்திகள், ஆல்கைல் வால்களின் உறை, ஆக்சிஜனும் நீரும் உண்டாக்கும் குழிகள் எல்லாம் சேரும். கால் எலக்ட்ரான் வோல்ட் ஆழக் குழி ஒன்றில் விழுந்த மின்னூட்டம் அறை வெப்பத்தில் வெளியே ஏற, சாதாரணத் தாவலைவிட பதினைந்தாயிரம் மடங்கு போல நேரம் பிடிக்கும். ஆகவே இரண்டு கட்டுரையும் உண்மையைத்தான் சொல்கின்றன. முதலாவது, ஒன்பது வீடு கொண்ட ஒரு சந்துக்குள் ஆள் எவ்வளவு சுறுசுறுப்பாக நடக்கிறார் என்பதை அளந்தது. இரண்டாவது, ஊரின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகிறது என்பதை அளந்தது. எந்த முறை, எந்த நீளம் என்று போடாமல் மொபிலிட்டியை மட்டும் போடுகிற சுருக்கத்தை நான் பாதிதான் நம்புவேன்.

டிரான்சிஸ்டர் எண்ணும் வேதவாக்கு இல்லை. மின்முனையில் மின்னூட்டம் உள்ளே நுழைய சிரமப்படும்போது, மின்னழுத்தத்துக்கு எதிராக மின்னோட்டத்தை வரைந்த வளைவு ஒரு இடத்தில் செங்குத்தாகி அப்புறம் படுத்துவிடும். அந்தச் செங்குத்துத் துண்டின் சரிவை மட்டும் எடுத்து மொபிலிட்டி கணக்கிட்டால் எண் பல மடங்கு ஊதிவிடும். 2016-ல் இதைச் சுட்டிக்காட்டி ஆய்விதழ்களில் வெளிப்படையாகவே எச்சரிக்கைகள் வந்தன. அதற்கு முந்தைய வருடங்களில் வந்த சில சாதனை எண்களைப் பார்த்தால் வளைவை ஒருமுறை நீங்களே அளவுகோல் வைத்துப் பாருங்கள்.

தண்ணீரைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்தப் பதில் பாதிதான். என் கதையையே சொல்கிறேன். அமினோ அமிலக் கை ஒட்டிய பெரிலீன் சாயத்தை சோடியம் ஹைட்ராக்சைடு விட்டு நீரில் கரைத்து, குளுக்கோனோலாக்டோன் போட்டு மெதுவாக அமிலமாக்கினால் இரவோடு இரவாகச் செக்கச்செவேல் என்று ஜெல் கட்டும். குப்பியைக் கவிழ்த்தாலும் விழாது, பார்க்க அவ்வளவு அழகு. அதைத் தங்க மின்முனைகள் மேல் உலர்த்தி 2 வோல்ட் கொடுத்து அளந்தேன். ஐப்பசி மாதம், சென்னையில் அடைமழை. மின்னோட்டம் நானோ ஆம்பியரில் வரும் என்று எதிர்பார்த்த இடத்தில் மைக்ரோ ஆம்பியரில் வந்தது. ஆயிரம் மடங்கு! இரண்டு நாள் தரையில் கால் படவில்லை. மூன்றாம் நாள் உடன் வேலை செய்த அக்கா ஒருவர் வந்து, "பம்ப்பைப் போட்டுட்டு அளந்தியா?" என்று மட்டும் கேட்டார். வெற்றிட அறையில் வைத்து ஒரு இரவு இழுத்துவிட்டு அளந்தேன், எல்லாம் போய்விட்டது. ஓடியது எலக்ட்ரானே இல்லை. ஜெல்லில் மிச்சமிருந்த சோடியம் அயனியும் புரோட்டானும், மழைக்காற்றின் ஈரத்தில் நீந்திக்கொண்டிருந்தன. வோல்ட்டை அப்படியே வைத்துவிட்டு ஐந்து நிமிடம் பார்த்திருந்தால் மின்னோட்டம் தானாகத் தேய்ந்துகொண்டே போவதைக் கவனித்திருப்பேன். அயனிகள் மின்முனையில் போய்க் குவிவதன் அடையாளம் அது. கவனிக்கவில்லை.

நான் மட்டும் இதில் வழுக்கவில்லை என்பது ஒரு ஆறுதல். நம் தோலுக்கும் முடிக்கும் கறுப்பு தரும் மெலனின் ஒரு குறைக்கடத்தி என்று பல காலம் நம்பப்பட்டது. 1974-ல் ஹூஸ்டனில் மெக்கின்னஸ், காரி, பிராக்டர் மூவரும் மெலனினை வைத்து மின்னழுத்தத்தால் திறந்து மூடும் ஸ்விட்ச் ஒன்றையே செய்து காட்டினார்கள், ஒழுங்கற்ற குறைக்கடத்தி என்றே விளக்கினார்கள். பின்னால் 2012-ல் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் பால் மெரிடித் குழு, மெலனின் உறிஞ்சும் நீரின் அளவைக் கட்டுப்படுத்தி அளந்து பார்த்து, அந்த விளக்கம் பொருந்தவில்லை, புரோட்டான்களின் பங்கு பெரியது, அயனியும் எலக்ட்ரானும் கலந்த கடத்தல் என்ற முடிவுக்கு வந்தது. ஸ்விட்ச் பொய்யாகிவிடவில்லை, அதற்குச் சொன்ன காரணம்தான் மாறியது. உயிரியல் சாயல் உள்ள எந்தப் பொருளிலும் பெப்டைடு இருக்கும், கார்பாக்சிலிக் அமிலம் இருக்கும், ஹைட்ராக்ஸில் இருக்கும். அடுக்கைக் கட்டித் தருவதும் அவைதான், தண்ணீரைக் கூப்பிட்டு உட்காரவைப்பதும் அவைதான்.

ஹைட்ரஜன் பிணைப்பே தொல்லை என்று இதை எடுத்துக்கொண்டு போய்விடாதீர்கள். நீலச் சாயம் இருக்கிறதே, திண்டிவனம் பக்கம் இன்றும் அவுரிச் செடியிலிருந்து எடுக்கிறார்களே, அந்த இன்டிகோ நல்ல எதிர் உதாரணம். மூலக்கூறு எடை வெறும் 262. ஆனால் சுமார் 390 டிகிரி வரை சூட்டைத் தாங்கும், சாதாரணக் கரைப்பான்களில் அவ்வளவு எளிதில் கரையாது. காரணம், ஒவ்வொரு மூலக்கூறும் பக்கத்து மூலக்கூறுகளோடு போட்டுக்கொண்டிருக்கும் ஹைட்ரஜன் பிணைப்பு. ஜவுளிச் சாயமாக மட்டும் பார்க்கப்பட்ட இதை ஆஸ்திரியாவின் லின்ஸில் மிகாய் இரிமியா-விளாடு, எரிக் குவோவாட்ஸ்கி, சரிச்சிஃப்ட்சி குழு 2012-ல் டிரான்சிஸ்டராக்கியது. எலக்ட்ரான், துளை (எலக்ட்ரான் விட்டுப்போன காலி இடம்) இரண்டுமே ஓடின, இரண்டுக்கும் மொபிலிட்டி 0.01 அளவில். பழைய பாடப்படி இது நடந்திருக்கவே கூடாது. இன்டிகோவின் நடுவில் இரட்டைப் பிணைப்புத் தொடர்ச்சி அறுந்து கிடக்கிறது, நல்ல குறைக்கடத்திக்கு அது நீளமாக ஓட வேண்டும் என்பார்கள். ஆனால் பிணைப்புகள் பக்கவாட்டில் இழுத்துப் பிடிக்க, வளையங்கள் நெருக்கமாக அடுக்கிக்கொண்டு குறையை ஈடுகட்டிவிடுகின்றன. இன்டிகோவின் உறவுக்காரன் எபின்டோலிடயோனில் அதே குழு அடுத்த வருடம் 1-ஐயும் தாண்டியது. கார் பெயின்ட்டில் வரும் குயினாக்ரிடோன் சிவப்பும் இந்தக் குடும்பம்தான். ஒன்றைக் கவனியுங்கள்: இவற்றையெல்லாம் வெற்றிடத்தில் ஆவியாக்கிப் படியவைத்தார்கள். நீரில் ஜெல் கட்டவைக்கவில்லை. பிணைப்பு மூலக்கூறுகளுக்குள் ஒன்றையொன்று பிடிப்பதிலேயே செலவாகிவிட்டால் தண்ணீருக்குக் கொடுக்க மிச்சக் கை இருக்காது. என் மழைக்கால ஜெல்லுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இதில்தான் என்று நினைக்கிறேன்.

தானாக அடுக்கி, அடுக்கில் வந்த பிசகைத் தானே சரிசெய்துகொள்ளும் பொருள் வேண்டுமென்றால் வட்டுத் திரவப் படிகங்களைப் பாருங்கள். தட்டையான நடுவட்டம், சுற்றிலும் நெகிழும் வால்கள், வட்டுகள் தூண் தூணாக நிற்கும். இந்த நிலையை முதலில் கண்டது பெங்களூரு ராமன் ஆய்வுக் கழகத்தில், 1977-ல், எஸ். சந்திரசேகர், சதாசிவா, சுரேஷ் மூவரும். விண்மீன் சந்திரசேகரோடு இவரைக் குழப்பிக்கொள்வார்கள். அவர் சி.வி. ராமனின் அண்ணன் மகன், இவர் ராமனின் சகோதரி மகன். 1994-ல் ட்ரைஃபெனிலீன் வட்டு ஒன்றின் ஒழுங்கான தூண் நிலையில் மொபிலிட்டி 0.1 அளந்தார்கள், அதுவும் பல மைக்ரோமீட்டர் தடிமனை மின்னூட்டம் கடக்க ஆகும் நேரத்தை வைத்து. அதாவது ஊர்க்கோடிக்கு ஊர்க்கோடி அளவீடு. திரவத்தன்மை கொஞ்சம் இருப்பதால் பிசகிய வட்டு தன் இடத்துக்குத் திரும்ப வாய்ப்பு இருக்கிறது. காய்ந்து விறைத்த நாருக்கு அந்த வாய்ப்பு கிடையாது.

சிலிக்கானுக்கு மாற்றா என்றால், இல்லை. அந்த நினைப்பையே விட்டுவிடலாம். கையில் ஓ.எல்.இ.டி. திரை போன் இருந்தால் அதில் ஒளி விடுவது கரிமச் சாயம்தான், ஆனால் ஒவ்வொரு புள்ளியையும் இயக்கும் டிரான்சிஸ்டர் சிலிக்கானோ உலோக ஆக்சைடோதான். அந்தக் கரிமப் படலங்களில் மொபிலிட்டி பல சமயம் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே. அப்படியும் வேலை நடக்கிறது என்றால், மின்னூட்டம் கடக்க வேண்டியது மொத்தமே 100 நானோமீட்டர் சொச்சம் என்பதால். சூரிய மின்கலத்திலும் அதே நியாயம். 1986-ல் கோடாக்கில் சிங் டாங் தாமிர ஃப்தலோசயனின், பெரிலீன் என்று இரண்டு சாயப் படலங்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்து 1 சதவீதத் திறன் காட்டியபோதும் படலங்கள் சில பத்து நானோமீட்டர்தான். தானாக அடுக்கும் சாயங்களுக்கு என் கணிப்பில் இடம் இந்த மாதிரிக் குறுந்தூர வேலைகளிலும், ஒளி உணரிகளிலும், உடம்பின் ஈரத்தோடு பேச வேண்டிய கருவிகளிலும்தான். கடைசி வகையில் அயனி ஓடுவது குற்றமே இல்லை, அதுதான் தேவை. இது கணிப்புதான், பந்தயம் கட்டச் சொன்னால் யோசிப்பேன்.

புராஜெக்டாக எடுங்கள், நல்ல தலைப்பு. ஆனால் டிரான்சிஸ்டர் செய்யக் கிளம்பாதீர்கள், ஆறு மாதத்தில் மின்கடத்தாப் படலத்தோடு மல்லுக்கட்டியே முடிந்துவிடும். சீப்புப்பல் மாதிரி கோத்த தங்க மின்முனைச் சில்லுகளை 5, 10, 20 மைக்ரோமீட்டர் இடைவெளியில் வாங்கி, ஒரே சாயத்தை மூன்றிலும் படியவையுங்கள். இடைவெளி கூடும்போது மின்தடை நேர் விகிதத்தில் கூடினால் பொருளை அளக்கிறீர்கள், அசையாமல் அதே இடத்தில் நின்றால் மின்முனைச் சந்தியை அளக்கிறீர்கள். சாயம் இல்லாமல் அதே உப்பும் அதே அமிலமும் மட்டும் போட்ட வெற்று மாதிரி ஒன்று கட்டாயம் வேண்டும். நான் செய்யாமல் விட்டது அதைத்தான். இருட்டிலும் வெளிச்சத்திலும், மழைநாளிலும், சிலிக்கா ஜெல் போட்ட டெசிகேட்டரில் இரண்டு நாள் வைத்த பிறகும் அளந்து, ஒவ்வொரு அளவீட்டுக்குப் பக்கத்திலும் ஈரப்பத எண்ணை எழுதி வையுங்கள். முந்நூறு, நானூறு ரூபாய்க்கு டிஜிட்டல் ஈரமானி கிடைக்கிறது. முதல் வளைவு வந்ததும் வோல்ட்டை 2-இல் நிறுத்திவிட்டு ஐந்து நிமிடம் மின்னோட்டத்தைப் பதிவு செய்து, அந்தப் படத்தையும் இங்கேயே போடுங்கள். அது தேய்கிறதா நிற்கிறதா என்று பார்த்துவிட்டு மேலே பேசலாம்.